அத்தை கடையில் வீட்டுக் குழம்புக்கு எடுத்த மீன்

மீன்காரி வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் யாராவது மூக்கைப் பொத்தினால் எனக்கு வெட்கமே வராது. போடி, எங்க வூட்டுச் சட்டியில கொதிக்கிற வஞ்சிரத்தை நீ கண்ணால பார்த்திருக்கியா என்று கேட்பேன். சும்மா இல்லை, உண்மைதான். திருவொற்றியூர் மார்க்கெட்டில் அப்பாவின் அக்காவுக்குக் கடை. அங்கே அருவாமனை போட்டு மீன் வெட்டுவது என் அம்மா. காசிமேட்டுத் துறைமுகத்திலிருந்து கூடை வந்து இறங்கியதும் அத்தை முதலில் எங்கள் வீட்டுக் குழம்புக்குத்தான் எடுத்து வைப்பாள். மற்றதுதான் ஊருக்கு.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தது. ஒரு நாள் அத்தை வீட்டுக்கு மீனே எடுக்கவில்லை, முட்டை வாங்கிக்கச் சொல்லிவிட்டாள். கடையில் இருந்தது அத்தனையும் ஐஸில் கிடந்த பழைய சரக்கு. பிள்ளை பெற்ற மகளுக்குப் பால் ஊறப் பால் சுறா வேண்டும் என்று ஒரு அம்மாள் வந்து நின்றார். காலையில் வந்ததுதான் என்று அத்தை வாய் கூசாமல் சொன்னாள்.

அம்மா அருவாமனையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் வெட்ட மாட்டேன் அண்ணி."

"அப்போ எயுந்து போ. நாளைலேர்ந்து வராத. என் தம்பிக்கும் வேலை இல்ல, இன்னாத்த துண்ணுவீங்கன்னு பாக்கறேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா இடத்தை விட்டு அசையவில்லை.

"சரி, வெட்டறேன். இதுல ரெண்டு துண்டு இவளுக்கு. நீயே உன் கையால சுறாப் புட்டு செஞ்சு ஊட்டு" என்று என்னைக் காட்டினாள்.

அத்தைக்குப் பிள்ளை இல்லை, நான்தான் உயிர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் சுறாவைத் தூக்கி முகர்ந்தாள். அம்மாவின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே அதைக் குப்பைக் கூடையில் வீசினாள். "பழசும்மா, வாணாம், போய்ட்டு அப்புறமா வா" என்று அந்த அம்மாளிடமும் எரிந்து விழுந்தாள்.

தடை முடிந்து படகு போனதிலிருந்து வீட்டுக் குழம்புக்கு மீன் எடுப்பது கடைசியில்தான், விற்றது போக மிஞ்சியதில். வஞ்சிரம் போய் முள்ளு முள்ளாகக் காரப்பொடி மீன் வந்தது. அம்மா மேல் இருக்கிற கோபத்தை அத்தை என் தட்டில் காட்டுகிறாள் என்று நினைத்துச் சோற்றைத் தள்ளிவிட்டுச் சண்டை பிடித்தேன். அவளோடு நாள் கணக்கில் பேசாமலும் இருந்தேன்.

எது மிஞ்சினாலும் அது என் வாய்க்குத்தான் வரும் என்பதற்காகவே அத்தை தானே காசிமேட்டுக்குப் போய் ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து வாங்கினாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.