பாசி படிந்த மூலை

பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கும் அவருக்கு ஆளைப் பார்த்ததுமே தீர்ப்புதான். வீட்டு மீன்தொட்டியில் இறாலின் வெற்று ஓடு கிடந்த அன்று, பாசி தின்னும் சக்கர் மீன்மேல் பழி விழுந்தது.

"முழியே சரியில்ல, இவன்தான் தின்னுருக்கான்!"

தொட்டியின் மூலைக் கண்ணாடியை விடாமல் கவ்விக்கொண்டிருந்த மீனைப் பிய்த்தெடுத்து, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டார்.

மறுவாரம் இன்னொரு ஓடு கிடந்தது. இறால்களோ ஒன்றுகூடக் குறையாமல், தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்கடியிலிருந்து வெளியே வந்தன.

"பாம்பு மாதிரி இதுவும் சட்டை உரிக்குதுங்க," என்றார் மனைவி. "இப்ப யாரை இறக்கிவிடப் போறீங்க?"

கடைக்கு ஓடினார். மீன் விற்றுப்போயிருந்தது.

இப்போது கண்ணாடிப் பாசியைத் தினமும் அவரே தேய்க்கிறார். அந்த மீன் கவ்விக்கொண்டிருந்த மூலைக்கு வந்ததும் மட்டும் கை நின்றுவிடுகிறது.