அந்தக் குதிரைக்காரன் யார்?

தம்மம்பட்டி ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தபோது எனக்கு முப்பது வயது. புருஷன் காலராவில் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஜேடர்பாளையத்துப் பக்கம் அண்ணன் பண்ணயத்தில் எனக்குச் சோறு உண்டு; ஆனால் பிரசவம் பார்க்கிற கை என்று ஆன பிறகு, அந்த வீட்டு விசேஷங்களுக்கு என்னைக் கூப்பிடுவது நின்றுபோயிற்று. தம்மம்பட்டியிலும் அப்படித்தான். வலி கண்டால் வண்டி என் வாசலில் வந்து நிற்கும். தீட்டுக் கழிந்த பிறகு அதே வீட்டார் சந்தையில் என்னைக் கண்டால், குனிந்து கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

துணைக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. சேலத்தில் பயிற்சியில் இருந்தபோது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரைசானி ஒருத்தி டைபாய்டில் கிடந்தாள். ராப்பகலாக நான்தான் பார்த்துக்கொண்டேன். அவள் பிழைத்துச் சீமைக்குத் திரும்பியபோது, தன் நாவல்களையெல்லாம் பெட்டியோடு எனக்கு விட்டுவிட்டுப் போனாள். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷையும் ஒரு பழைய அகராதியையும் நம்பி நான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் காதல் கதைகள். நாலைந்து படித்ததும் அவற்றின் நாடி பிடிபட்டுவிட்டது. அவன் உயரமாக இருப்பான், குதிரை வைத்திருப்பான், காரணமில்லாமல் கோபப்படுவான். அவள் தப்பாகப் புரிந்துகொள்வாள். மழை வரும். கடைசிப் பக்கத்தில் கல்யாணம். என் வேலை எங்கே தொடங்குகிறதோ அங்கே அந்தக் கதைகள் முடிந்துவிடும். தப்பித் தவறி ஒரு பிள்ளை பிறந்தாலும் இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவில், சத்தமில்லாமல், ஒரு துணிகூட நனையாமல் பிறக்கும். இவ்வளவு குறை சொல்கிறவள் அவற்றை இரண்டாம் தரமும் படித்தேன், படித்து அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாயக் கதைகள் எனக்கு ஒத்துவரவில்லை. மோதிரத்தைத் திருப்பினால் காயம் ஆறிவிடும் என்றால் பயப்பட என்ன இருக்கிறது? ஒன்றே ஒன்று மனதில் தங்கியது. காட்டோரம் ஒரு சூனியக்காரி தனியாக இருக்கிறாள். நோய் வந்தால் ஊரார் அவளிடம் போவார்கள், மற்ற நாளில் முகம் பார்க்க மாட்டார்கள். கடைசியில் எழுதியவர் அவளை ஈவிரக்கம் இல்லாமல் எரித்துவிட்டு, இளவரசிக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார். அந்தப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் போட்டேன், மறுபடி எடுக்கவில்லை.

ஸ்காட்லாந்துச் சரித்திர நாவல்கள்தான் கனம். முதல் அறுபது பக்கம் ஒருவனும் எழுந்து நடக்க மாட்டான். பனிமூட்டம், இடிந்த கோட்டை, யாருக்கு யார் பங்காளி என்ற பெரிய பட்டியல். போதாததற்கு அந்த மலைநாட்டு ஆட்கள் பேசுகிற இங்கிலீஷ் எந்த அகராதியிலும் இல்லை. ஒருநாள் வெறுத்துப்போய் வாய்விட்டுப் படித்தேன். படித்ததும் சிரித்துவிட்டேன். 'ஹவுஸ்' என்பதை 'ஹூஸ்' என்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டை ஊடு என்கிற எனக்கு அது என்ன கஷ்டம்? அதன்பிறகு அவர்கள் பேசினால் எங்கள் பக்கத்து ஆட்கள் பேசுகிற மாதிரியே கேட்கும். அந்தக் கதைகளில் ஆட்களுக்குப் பசிக்கும், கால் வலிக்கும், குளிரும். அதனால் நம்பினேன். ஒரே குறை, தோற்றுப்போன ராஜகுமாரனுக்காக எழுத்தாளர் முப்பது பக்கம் அழுவார். அவன் பின்னால் போய்ச் செத்த குடியானவனுக்கு அரை வரி.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு புது டாக்டர் மாற்றலாகி வந்தார். அவர் மனைவி தஞ்சாவூர்ப் பக்கம், கான்வென்டில் படித்தவள், என்னைவிட இளையவள். ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். "இது காதல் கதையா? முடிவு நல்லா இருக்குமா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் கிணற்றடி. அவளுக்குக் காதல் கதைதான் உயிர்.

"கல்யாணத்தோட மூட்டை கட்டிக்கறாங்களே, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லீங்களா?" என்பேன்.

"அதுக்கப்புறம் என்ன இருக்குன்னுதான் எனக்கே தெரியுமே. அதையும் எதுக்குப் படிக்கணும்?" என்பாள்.

அவளும் அந்த ஊரில் என்னைப் போலத் தனிதான் என்று அப்போது புரிந்தது.

டாக்டர் கெட்டவர் அல்ல. ஆனால் தன் கீழ் வேலை செய்கிறவளோடு மனைவி கிணற்றடியில் உட்கார்ந்து சிரிப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. "வேலைக்காரங்களோட ஒரு அளவோட இரு" என்று சொல்லிவிட்டார். அவள் வருவது நின்றது. புத்தகம் மட்டும் ஆஸ்பத்திரி ஆயாவின் கீரைக்கூடையில் போய் வந்தது. சீட்டு எழுத இருவருக்கும் பயம். அதனால் அபிப்பிராயங்களை ஆயாவின் வாய்வழியாகவே அனுப்பினோம்.

அப்போது இரண்டு பாகமாக இருந்த ஒரு ஸ்காட்லாந்து நாவல் ஓடிக்கொண்டிருந்தது. ஆயா வந்து வாசலில் கூடையை இறக்குவாள்.

"நர்சம்மா, டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்க. அந்தக் குதிரைக்காரன் தங்கமானவனாம். நீங்க அவனைத் திட்டக்கூடாதாம்."

"தங்கந்தான். கட்டிக்கறேன்னு சொன்ன பொண்ணை விட்டுப்போட்டு மலையேறிப் போனவன். அப்படியே சொல்லு ஆயா."

மறுநாள்: "அவன் ஜெயிலுக்குப் போயிட்டானாம். அம்மா கண்ணு செவந்து கிடக்குது."

ஆயாவுக்குப் புத்தகம் என்றால் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கூடையில் இருப்பது வேறு, நாங்கள் பேசுகிற ஆள் வேறு என்று அவள் நினைத்துவிட்டாள். சந்தையிலும் தெருக்குழாயிலும் மனதார வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறாள்: டாக்டரம்மாவுக்கு ஒருத்தன் மேல் ஆசை, அவன் குதிரையில் வருகிறவன், இப்போது ஜெயிலில் கிடக்கிறான், நர்சம்மாவுக்கு மட்டும் அவனைப் பிடிக்கவில்லை.

ஊர் பேசிப் பேசிக் கடைசியில் டாக்டர் காதுக்கும் வந்தது. அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"நர்சம்மா, மறைக்காம சொல்லுங்க. அந்தக் குதிரைக்காரன் யாரு? எந்த ஊர்?"

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு ஓடி முதல் பாகத்தை எடுத்துவந்து அவர் மேஜைமேல் வைத்தேன். "இவருதானுங்க. ஊரு ஸ்காட்லாந்து. செத்து இருநூறு வருஷம் ஆச்சுங்க."

அவர் பக்கங்களைப் புரட்டினார். ஒரு படத்தில் அவன் குதிரைமேல் இருந்தான். நெடுநேரம் அதையே பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, போங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னபோது ஆயா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அவன் இல்லவே இல்லியா?"

"இல்லை ஆயா. எழுதினது."

"நான் அவன் வெளிய வரணும்னு மாரியாத்தாவுக்கு வேண்டிக்கிட்டேனே" என்றாள். அவளுக்குக் கோபம் தணியப் பல நாள் ஆயிற்று. கூடையில் புத்தகம் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பொய் என்று தெரிந்த பிறகும் ஊர் அந்தப் பேச்சை விடவில்லை. டாக்டர் தானே எழுதிக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டார். அவர்கள் கிளம்பிய அன்று நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். டாக்டர் மூட்டைகளை மேலே ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அவள் மடியிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"படிச்சு முடிச்சுட்டேன். கடைசியில அவன் திரும்பி வந்திருக்கவே கூடாது" என்றாள்.

நான் அதுவரை படித்திருக்கவில்லை. "மெதுவாப் பாத்துப் போங்க அம்மிணி" என்றேன். ஆத்தூர்ப் பக்கம் பஸ் திரும்பிப் போயிற்று.

முடிவைத் தெரிந்துகொண்டு படிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் படித்தேன். அவன் வயதாகி, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து திரும்பி வருகிறான். அவன் விட்டுப்போன பெண் வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். கதவைத் திறந்து, யார் வேண்டும் என்று கேட்கிறாள். அவன் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறான்.

டாக்டரம்மா சொன்னது தப்பு என்று எனக்குப் பட்டது. அவன் வந்ததுதான் சரி. வராமல் இருந்திருந்தால் அது இன்னொரு காதல் கதையாகப் போயிருக்கும். இதை எப்படிச் சொன்னால் அவள் ஒத்துக்கொள்வாள், அதற்கு அவள் என்ன திருப்பிச் சொல்வாள் என்று அடுப்பு மூட்டும்போதும் துணி அலசும்போதும் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்பது ஆஸ்பத்திரிக் குமாஸ்தாவுக்குத் தெரியும். ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். அது யார் கையில் கிடைக்குமோ என்று போடவில்லை.

அதன்பிறகு யுத்தம் வந்தது, வேறு டாக்டர்கள் வந்தார்கள். பெட்டியில் மிச்சமிருந்ததையும் படித்து முடித்தேன். ஒவ்வொன்றைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது.