விலகி ஓடியிருந்தால்

கல்லூரியில் நானும் என் தோழியும் ஒரே சாஃப்ட்பால் அணி. அவள் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் அணியில் அவளைப்போல ஓட ஆளில்லை.

கடைசி வருடத்து இறுதி ஆட்டம் நாகர்கோவிலில் நடந்தது. கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் ஏற்கெனவே அவுட். நான் மூன்றாம் பேஸில் நின்றேன், அவள் இரண்டாவதில். எங்கள் பெண் அடித்த பந்து தரையோடு உருண்டு என் தோழிக்கு முன்னால் போனது. எதிரணியின் அருமனைக்காரப் பெண் பந்தை மட்டும் பார்த்தபடி எடுக்க ஓடிவந்தாள். என் தோழி சட்டென்று அப்படியே நின்றுவிட்டாள். வந்தவள் அவள்மேல் மோதி, கையை ஊன்றி விழுந்தாள். பந்து கடந்துபோனது.

நான் ஓடிவந்து, ரன் சேரும் ஹோம் பேஸை மிதித்துக் கையை உயர்த்தினேன். திரும்பினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருந்தார். மோதிய நேரத்தில் நான் ஹோமைத் தொடவில்லையாம். என் ரன் செல்லாது. என் தோழி மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது, தோற்றுவிட்டோம்.

எங்கள் பயிற்சியாளர் நடுவரிடம் ஓடிவந்தார். "என் பிள்ள சும்மா நிண்ணவதான சார்? அந்தப் பிள்ளதான வந்து இடிச்சா?"

"அடிச்ச பந்தை எடுக்க வர்றவளுக்கு ஓடுறவதான் வழி விடணும். வேணும்னு நின்னாளா, தெரியாம நின்னாளான்னு பாக்கமாட்டோம்."

"விலகினா, கோட்ட விட்டு ஓடினான்னு அவுட்டு குடுப்பீயளே!"

"கையில பந்தோட ஒருத்தி தொட வரும்போது தப்பிச்சு விலகினாத்தான் அது. பந்தெடுக்கிறவளுக்குப் பின்னால சுத்தி ஓடினா தப்பே இல்ல சார்."

கோட்டை விட்டு விலகாதே என்றுதான் பயிற்சியாளர் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவள் என்னிடம், "பின்னால சுத்தி ஓட எனக்கு எவ்வளவு நேரமாவும் ஏட்டி? இடிச்சிரப்பிடாதுன்னுதான் நிண்ணேன்" என்றாள்.

மறுநாள் தெரிந்தது, விழுந்தவளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருந்தவள் அவள். நாங்கள் இருவரும் அருமனைக்குப் போனோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னாள். அவளிடம் கோபமே இல்லை.

"நீ எனக்க பின்னால போயிருவன்னு நெனச்சேன் மக்கா. நிப்பன்னு நெனைக்கல்ல."

என் தோழி அங்கேயே அழுதாள்.

அந்த வாரமே பல்கலைக்கழக அணியில் காலியான இடத்துக்கு என் தோழியைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டாள். பயிற்சியாளர் வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தார். அவளுடைய அப்பாவும் சொன்னார். நான் கெஞ்சினேன். "அவளுக்க எடத்தில நான் எப்பிடி ஆடுவேன்?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் வேறு மாவட்டத்துப் பெண் போனாள். அருமனைக்காரியும் கை சரியான பிறகு ஆட வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

என் தோழி இப்போது குவைத்தில் நர்ஸ். கூப்பிட்டால் பிள்ளைகளின் படிப்பு, மீன் விலை என்று நேரம் போவது தெரியாமல் பேசுவாள். மைதானத்துப் பேச்சை எடுத்தால் மட்டும், "அடுப்பில கறி கெடக்கு, பெறவு விளிக்கட்டா?" என்று வைத்துவிடுவாள்.