தீயணைப்பு வண்டி வந்து பார்த்த நாள்

மாடியில் குடியிருந்த தையல்காரி, கண் விழித்ததும் முதல் வேலையாகக் காற்றை மோந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டு அடுப்பில் ஏதாவது லேசாகக் கருகினால்கூட, ஊசியை அப்படியே துணியில் குத்திவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடுவாள். "எங்க வீட்டுச் சட்டிதான்க்கா, போய்த் தைங்க" என்று கீழேயிருந்து சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன? அவர்கள் வீட்டுக்கு அடியில் பஞ்சு இல்லையே!

அவள் அறைக்கு நேர் கீழே மெத்தைக்காரரின் கிடங்கு. தரையிலிருந்து கூரைவரை பஞ்சும் ஸ்பாஞ்சும் அடைத்துக் கிடக்கும். கட்டடம் அவருடையது. அவள் தைக்கும் மெத்தை உறைகளும் அவருக்குத்தான். இருக்க இடமும் செய்ய வேலையும் ஒரே ஆளின் கையில். வாயைத் திறந்தால் இரண்டும் போய்விடும்.

அவள் கணவன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. வாடகை குறைவு என்று நகரத்துக்கு வெளியே இந்தச் சந்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த புதிதில் ஒரு மத்தியானம், தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அவனைப் போர்வையில் கிடத்தி இழுத்துப் பார்த்தாள். அறைக்குள் சரசரவென்று வந்தான். படிக்கட்டு வளையும் இடத்தில் தோள் சிக்கிக்கொண்டது. "என்னடி, நான் என்ன பீரோவா?" என்று அவன் கேட்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று.

நகரம் பெருத்துக்கொண்டே வந்து சந்தின் வாயைத் தொட்டது. இந்தப் பகுதியை மாநகராட்சியோடு சேர்க்கலாமா, சேர்த்தால் தண்ணீரும் சாக்கடையும் தீயணைப்பும் இங்கே எட்டுமா, வீடுகள் குடியிருக்க ஏற்றவையா என்று பார்க்க ஆள் வரப்போவதாகச் செய்தி வந்தது. செய்தியின் வாலைப் பிடித்துக்கொண்டே வதந்தியும் வந்தது. வசதி எட்டாத இடத்தை லாயக்கில்லை என்று சொல்லி இடித்துவிடுவார்களாம். சந்து முழுக்க அதே பேச்சாக இருந்தது.

மெத்தைக்காரர் எல்லோரையும் கூட்டினார். "நாளைக்குத் தீயணைப்பு வண்டிய உள்ள ஓட்டிப் பாப்பாங்க. கடைசி வீடு வரைக்கும் வந்துடணும். பைக்கு, தள்ளுவண்டி, வாசல் பலகை எதுவும் இருக்கக் கூடாது. மானத்தக் காப்பாத்துங்கப்பா."

"என் வாசப்படியையும் பேத்துடவாண்ணே?" என்றார் இஸ்திரிக்காரர்.

"பேத்துத்தான் ஆகணும்."

"அப்ப என் மாமியார் வெளிய வர மாட்டாங்க. நல்ல காரியம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வண்டி வந்துவிட்டது என்று எழுதிவிட்டால், சந்துக்குள் நுழையும் சின்ன வண்டியோடு இந்தப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையம் எதற்கு என்று விட்டுவிடுவார்களே! மறுநாளே பைக்குகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதன்பிறகு நிஜமாகவே தீப்பிடித்தால் எந்த வண்டி உள்ளே வரும்?

மறுநாள் சந்து தலைவாரிப் பின்னியதுபோல் இருந்தது. சிவப்பு வண்டி சுவரை உரசாமல் உள்ளே வந்து அவள் ஜன்னலுக்குக் கீழே நின்றது. கைதட்டினார்கள். கூட வந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். "பரவாயில்லையே, நல்லா வந்துடுச்சே. இங்க தனியா நிலையம் தேவைப்படாது போலிருக்கே" என்று பேனாவை எடுத்தார்.

தையல்காரி மாடிப்படியில் நின்றிருந்தாள். "மேடம்" என்று கூப்பிட்டாள், யார் காதிலும் விழவில்லை. மறுபடி கூப்பிட்டாள். "பைக்கையெல்லாம் திருப்பி வைக்கச் சொல்லுங்க. அப்புறம் வண்டிய விட்டுப் பாருங்க."

கைதட்டியவர்கள் எல்லோரும் படியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது கொஞ்சம் பயந்த சுபாவம் மேடம்" என்றார் மெத்தைக்காரர். "புருஷன் படுத்த படுக்கை. அப்பப்ப இப்படித்தான் ஏதாவது உளறும்."

அதிகாரி குனிந்து தரையைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் எண்ணெய்க் கறை. பெயர்த்த படிகளின் இடத்தில் புது மண். "வண்டிய வெளிய எடுங்க" என்றார் டிரைவரிடம். "எது எது எங்க இருந்துச்சோ, அங்கயே கொண்டுவந்து வைங்க."

வைத்தார்கள். வண்டி திரும்ப வந்தது. பாதிச் சந்தில், இஸ்திரி வண்டிக்கும் பைக் வரிசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது.

"உன் புருஷன் ஒருத்தனுக்காக எங்க எல்லார் வீட்டையும் இடிக்க வைப்பியா?" எதிர்வீட்டுக்காரி கத்தினாள். உண்மையிலேயே இடித்துவிட்டால் என்ன செய்வது என்று தையல்காரிக்கும் தோன்றியது.

அதிகாரி கிடங்குக் கதவைக் காட்டினார். "இதுக்குள்ள என்ன?"

"காலி ரூம் மேடம்" என்றார் மெத்தைக்காரர்.

அதிகாரி படியில் நின்ற தையல்காரியை நிமிர்ந்து பார்த்தார். மெத்தைக்காரரும் பார்த்தார்.

"பஞ்சு மேடம்" என்றாள். "கூரை வரைக்கும் பஞ்சு. அதுக்கு மேலதான் எங்க வீட்டுக்காரர் படுத்திருக்கார்."

சாவி வந்தது. ஷட்டர் ஏறியது. அதிகாரி நின்றபடியே எழுதினார். "சின்ன வண்டியோட இங்கயே ஒரு நிலையம் வேணும்னு எழுதறேன். இந்தச் சரக்கு இன்னிக்கே வெளிய போகணும். வீடுகளப் பத்தி முடிவு பண்றது என் கையில இல்லம்மா, மேல இருக்கவங்க பாத்துதான் சொல்வாங்க."

வண்டி பின்பக்கமாகவே நகர்ந்து சந்தைவிட்டு வெளியே போனது. மெத்தைக்காரர் படியருகே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வேற இடம் பாத்துக்கம்மா. வேலையும்தான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"வண்டி வந்துச்சா?" என்றான் கணவன்.

"வரலங்க."

"வரலியா?"

"வரலன்னு எழுதிக்கிட்டாங்க."

அவன் அவள் கையைப் பிடித்தான். "நம்மளப் பத்தி என்ன சொன்னாங்க?" என்றான். அவள் கையை விடுவித்துக்கொண்டு, தைத்து வைத்த உறைகளை மடிக்க ஆரம்பித்தாள். கீழே ஆட்கள் பஞ்சு மூட்டைகளைத் தரதரவென்று இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்து இழுபடப்போவது தங்கள் சாமான்தானோ என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.