தேவசகாயம் சிரித்த கடைசிப் படம்

மாதுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. "தேவசகாயம் அண்ணாச்சி போயிட்டாவ. சாயங்காலம் அடக்கம்" என்றார் தாராவியிலிருந்து வரும் எங்கள் ஆபீஸ் பியூன். காயைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்தேன்.

ஆலை அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேஜைக்காரர். அவர் சிரித்துப் பார்த்ததில்லை என்பீர்கள், அவரை அறிந்த நீங்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிறு காலைக் காட்சி. பழைய படம். இரண்டு அசட்டுத் துப்பறிவாளர்கள் பிணத்தைத் தேடி வீடெல்லாம் அலைவார்கள். அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். தேவசகாயம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

படம் விட்டதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே தாராவிக்கு நடந்தோம். அவர் வீட்டு முன்னால் கூட்டம். அடுத்த வீட்டுப் பொன்னையா, தான் வேலை பார்த்த தோல் கிடங்கில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து இறந்துவிட்டார். வந்த போலீஸ்காரர் தொட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதிக்கொண்டு போனார். பொன்னையா குடியைத் தொட்டதே இல்லை.

"சினிமாவுல அந்த ரெண்டு கோட்டிக்காரனுவளாவது தேடுனானுவ, சார். இவனுவ திரும்பிக்கூடப் பாக்கலியே" என்றார் தேவசகாயம்.

மறுநாளிலிருந்து அவரே விசாரிக்கக் கிளம்பினார். சில நாள் நானும் போனேன். எங்களுக்கு என்ன தெரியும்? தப்பான ஆட்களைக் கேட்டோம். தப்பான வாசல்களில் நின்றோம். கடைசியில் ஒரு தொழிலாளி வாய் திறந்தார். தொட்டியின் மேல் போட்டிருந்த பலகை உளுத்துப்போயிருந்தது. மாற்றச் சொல்லிப் பொன்னையா சண்டை போட்டிருக்கிறார். அவர் பிணத்தை எடுத்த பிறகுதான் புதுப்பலகை வந்தது.

சாட்சி சொல்ல அந்தத் தொழிலாளி பயந்தார். தேவசகாயம் தனியாக ஸ்டேஷனுக்குப் போனார். உதடு கிழிந்து திரும்பினார்.

"போலீஸ்காரா ரொம்ப அடிச்சுட்டாளா?" என்று கேட்டேன்.

"அடி கெடக்கட்டும், சார். எழுதமாட்டேன்னுட்டானுவ."

வழக்கு அதோடு செத்தது. அதன் பின் அவர் எந்தச் சினிமாக் கொட்டகைக்கும் வரவில்லை. ஆனால் யாராவது பொன்னையாவைக் குடிகாரன் என்றால், டீக்கடையானாலும் கோயில் வாசலானாலும், நிறுத்திச் சொல்வார்: "பலவ ஒடைஞ்சு செத்தான். சரியாச் சொல்லு."

கல்லறைத் தோட்டத்தில் பொன்னையாவின் மனைவி ஞானம் குழியோரம் நின்றிருந்தாள். "எம் மவன யாரும் குடிகாரன் பிள்ளைன்னு சொல்லவிடாம பாத்துக்கிட்டாவ. இனி யாரு இருக்கா?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

அவர் விட்டுப்போனதில் இந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பொன்னையா குடித்துச் சாகவில்லை. பலகை உடைந்து செத்தார். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.