பூ சொன்னதை மீறிக் கையெழுத்துப் போட்டேன்

பிறந்ததும் என் மகள் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தவளின் தொண்டையில் குழாயைச் செருகி மெஷினில் போட்டார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையில் ஓட்டையாம். குடல் அதன் வழியாக மேலே ஏறி நுரையீரலை நசுக்குகிறதாம். திருச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை.

சில நாளில் கொஞ்சம் தேறினாள். டாக்டரம்மா கூப்பிட்டார். "ஓட்டையை அடைக்க ஆபரேஷன் பண்ணணும். சின்னத் துளை போட்டும் செய்யலாம், வயித்தைத் திறந்தும் செய்யலாம். துளைன்னா வலி கம்மி, தழும்பு தெரியாது. ஆனா நேரமாகும், உள்ள கேஸ் விடணும், பிள்ளை தாங்கணும். தைச்சது மறுபடி விட்டுப்போற வாய்ப்பும் கொஞ்சம் கூட. யோசிச்சுச் சொல்லுங்க."

"பொட்டப்புள்ளைடா, தழும்பு ஆகாது" என்றாள் என் அக்கா செல்வி. மெஷினில் மூச்சு விடுகிற பிள்ளைக்கு அவள் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ பைக் வாங்குவதற்கே பூக் கட்டிப் பார்க்கிற ஆள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு மாரியம்மன் காலடியில் இரண்டு பொட்டலம் வைத்தோம். வெள்ளைப் பூ வந்தால் துளை, சிவப்பு வந்தால் திறப்பது. கண்ணை மூடி எடுத்தேன். வெள்ளை வந்தது. அக்கா அங்கேயே குலவை போட்டாள்.

மறுநாள் காலை பிள்ளைக்கு மூச்சு மோசமாகிவிட்டது. "இனி துளை வேண்டாம், திறந்துதான் செய்யணும்" என்றார் டாக்டரம்மா. கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தை நீட்டினார். "ஆத்தா வேற மாதிரி உத்தரவு குடுத்துட்டாளே" என்றேன். தெய்வக் குத்தம் ஆகிவிடும் என்று அக்கா அழுதாள்.

சிசேரியன் தையல் ஆறாமல் சக்கர நாற்காலியில் இருந்த என் மனைவி கவிதா நிமிர்ந்தாள். "என்னங்க, என் வயித்தைத் திறந்துதானே இவளை எடுத்தாங்க? அப்ப எந்தப் பூவைக் கேட்டீங்க?"

கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஆத்தா, உன் சொல்லை மீறிட்டேன். கோவம் இருந்தா என்மேல காட்டு. அவளை விட்டுடு." வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

டாக்டரம்மா களைத்துப்போய் வெளியே வந்தார். "ஓட்டை ரொம்பப் பெருசு. செயற்கை வலை வச்சு அடைச்சுத் தைச்சிருக்கோம். பிள்ளை தாங்கிடுச்சு."

அப்புறமும் பயந்த நாட்கள் உண்டு. ஒருநாள் குழாயை எடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கீச்சுக் குரல். என் மகள் குரலை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். நானும் கவிதாவும் வாய்விட்டு அழுதோம்.

இப்போது ஓடி விளையாடுகிறாள். தழும்பு நீளமாகத்தான் இருக்கிறது. குளிப்பாட்டும்போது அதில் கை படாத நாளில்லை. பூக் கட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன், கோயிலுக்குப் போவதை விடவில்லை. முன்பு கேள்வியோடு போவேன், இப்போது கும்பிட்டுவிட்டு வருகிறேன். கோபித்துக்கொள்வாள் என்று நான் பயந்தவள்தான் என் பிள்ளையைக் காப்பாற்றினாள்.

இதைப் படிக்கிற உங்கள் பிள்ளையும் அப்படியொரு கதவுக்குப் பின்னால் இருந்தால், துளையா, கத்தியா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். ஆத்தாவிடம் பிள்ளையைக் கேளுங்கள். கொடுப்பாள்.