வீங்கிய கன்னத்தோடு கல்பிட்டி பஸ்ஸில்

ஞானப்பல் பிடுங்கியதில் என் வலது கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. தாடையோரம் நீலம் பாய்ந்திருக்கிறது. இன்று புத்தளத்தில் தையலைக் காட்டிவிட்டு, கல்பிட்டி பஸ்ஸில் கண்டக்குழிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில், அக்கா வயதில், முன்பின் தெரியாத ஒரு ராத்தா. என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"மாப்புள்ளயா ஒங்களுக்கு அடிச்ச?"

வாய் சரியாகத் திறக்க வராது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் இப்பிடித்தான் தங்கச்சி, கதவுல இடிபட்டெண்டு எல்லாருக்கும் சொன்ன. உம்மாக்குக் கூட உண்மையச் சொல்லல்ல. நீங்க மறைக்காதீங்க."

எனக்கோ காலையில் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றித் தந்த என் கணவரின் முகம் நினைவுக்கு வந்தது. வலியையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"ஐயோ ராத்தா, இது பல்லுப் புடுங்கின வீக்கம்!"

முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "அப்பிடியா, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முக்காட்டை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவர், இறங்கும்வரை என்னைப் பார்க்கவேயில்லை.

பெற்ற உம்மாவிடம் சொல்லாததை எனக்காகச் சொன்னவர். சிரிக்கத் திறந்த வாய், மன்னிப்புக் கேட்கத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அவர் எங்கே இறங்கினார் என்று எழுதமாட்டேன், கேட்காதீர்கள். இதை மட்டும் சொல்லுங்கள்: என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், அவரிடம் என்ன சொல்லியிருப்பீர்கள்?